திம்பத்தில் திரும்பிய வண்டி

லாரிக்காரர் குடும்பங்களில் ஒரு வழக்கம். ஸ்டீயரிங் பிடித்திருக்கும் ஆளுக்கு வீட்டிலிருந்து போன் போகாது. அவராக நிறுத்திக் கூப்பிட்டால்தான் பேச்சு. மீறிப் போனால் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நாமகிரிப்பேட்டையில் வாக்கப்பட்ட என் அக்கா, கல்யாணமான நாளிலிருந்து ஓட்டத்தில் இருக்கும் மாமாவைக் கூப்பிட்டதே இல்லை.

நான் அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன சாப்ட்வேர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மாமா ஓட்டும் முட்டை லாரியின் ஓனர், வண்டி எங்கே போகிறது என்று டிரைவர் வீட்டார் போனில் பார்க்க ஒரு வெப் ஆப் கேட்டார். பட்டன், வண்டிப் பட்டியல் எல்லாம் ஒரு காம்பொனென்ட் லைப்ரரியிலிருந்து ரெடிமேடாக எடுத்தேன். பக்கம் விட்டுப் பக்கம் போக ரூட்டர் என்ற இன்னொரு நிரல் தனி. அது சர்வரைக் கேட்காமல் போனுக்குள்ளேயே பக்கத்தை மாற்றும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று அறியாது. நாம்தான் சம்பந்தம் பேசி வைக்க வேண்டும். அதுவரை பட்டியலில் ஒரு வண்டியைத் தொட்டால், லைப்ரரி, அப்போது திறந்திருக்கும் பக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு சர்வரிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து இழுக்கும்.

"இன்னும் இணைக்கலீங்க. நெட் சரியா எடுக்காத ஊட்டுல வெள்ளையா நிக்கும்" என்று ஓனரிடம் சொன்னேன்.

"ஆபீஸ்ல நல்லாத்தான ஓடுது கண்ணு? ஓடற வண்டிய எதுக்கு நிறுத்தற?" என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைச் சரிசெய்ய லேப்டாப்போடு அக்கா வீட்டுக்கே வந்திருந்தேன். காலையில் மகள் பாப்பாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்த அக்கா, மாமாவின் வண்டியைத் தொட்டாள். திரை வெளுத்தது. திரும்பத் திரும்பத் தொட்டாள். வெறும் வெள்ளை. வண்டியே இல்லாமல் போய்விட்டதென்று நினைத்துவிட்டாள். பின்கட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் ஓடி வருவதற்குள் மாமாவுக்கு போன் போட்டிருந்தாள்.

மாமா மைசூர் லோடோடு, கிளீனர்கூட இல்லாமல் தனியாகத் திம்பம் மலை ஏறி முடித்திருந்தார். ஓரங்கட்டிவிட்டு எடுத்தார். "யாரு? அப்பனா, ஆத்தாளா?"

அந்தக் குரலைக் கேட்ட நிம்மதியில் அக்கா ஓவென்று அழுதாள்.

"பொறப்பட்டு வாரேன்" என்று வைத்துவிட்டார்.

அதன்பிறகு யார் கூப்பிட்டும் எடுக்கவில்லை. மெசேஜும் பார்க்கவில்லை. செத்தது யாரென்று கேட்டுவிட்டால் வண்டியோடு மலை இறங்க முடியாது, அதனால்தான் எடுக்கவில்லை.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!" என்று கத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். லைப்ரரியின் லிங்க் இருந்த இடத்தில் ரூட்டரின் லிங்கை வைத்தேன். மொட்டைமாடியில் நெட் தேடி நின்று சர்வரில் ஏற்றினேன். அங்கேயே அக்காவின் போனிலும் திறந்து கொடுத்தேன். இப்போது எதைத் தொட்டாலும் திரை வெளுக்கவில்லை. மேப்பில் மாமா வண்டியின் புள்ளி திம்பத்துக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே நின்றது.

"நகரலியே சாமி. இதுவும் கோளாறா?"

"இல்லக்கா. காட்டுல சிக்னல் இல்ல. கடைசியா இருந்த எடத்தத்தான் காட்டும்."

"அப்ப இப்ப எங்க இருக்காரு?"

மாமாவின் அப்பாவும் அம்மாவும் மாடிக்கே வந்து அக்காவுக்கு இருபக்கமும் உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்த்தார்கள். "லோடு ஏங்கண்ணு திரும்புது?" என்று ஓனர் கூப்பிட்டார். "வாய மூடுங்க" என்று வைத்தேன். வெகுநேரம் கழித்துப் புள்ளி சத்தியமங்கலத்துக்குத் தாவியது. அக்காவின் மாமியார் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுப்புப் பக்கம் யாரும் போகவில்லை.

மத்தியானம் லாரி தெருமுனையில் நின்றது. மாமா செருப்பில்லாமல் இறங்கி வந்தார். பந்தலைத் தேடினார். வாசலில் தன் அம்மா நின்றிருந்ததைப் பார்த்ததும் "அப்ப, அப்பனா?" என்றார். "இங்கதான் இருக்கேன் சாமி" என்று பெரியவர் முன்னால் வந்தார். மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

"பாப்பா எங்க?"

"பள்ளிக்கூடத்துலதான் இருக்கா!" என்று எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம். அவர் நம்பவில்லை. தெருமுனையில் நின்ற லாரியைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வகுப்பிலிருந்து கூட்டிவந்த பாப்பாவின் தலையைத் தடவி, கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான், பள்ளிக்கூட கேட் ஓரம் உட்கார்ந்து அழுதார்.