மகளுக்கு மனப்பாடமான பாஸ்வேர்டு

மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்த நாளிலிருந்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரும் அதைத் தாமாகச் செய்ததில்லை. அவரவர் வீட்டுப் பிள்ளைகள்தான் செய்தார்கள். டவுண் பள்ளியில் பத்தொன்பது வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கும் எனக்கு என் மகள். அதே பள்ளியில் பிளஸ் டூ, வேறு பிரிவு. நான் விடைத்தாளைப் பார்த்து வாசிப்பேன், அவள் தட்டுவாள். பாஸ்வேர்டு எனக்கு மறந்துபோகும், அவளுக்கு மனப்பாடம். அதில் எனக்குப் பெருமை வேறு.

போன மாசம் ஒரு போலீஸ் அதிகாரி பள்ளிக்கு வந்து, சின்ன வயசுக்காரர்கள் ஏன் சைபர் குற்றங்களில் மாட்டுகிறார்கள் என்று பேசினார். முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தலையாட்டினேன். யார் வீட்டுப் பிள்ளைகளையோ சொல்கிறார் என்ற நினைப்பு.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில், கையெழுத்துப் போடுவதற்காகக் காலாண்டு மார்க் பட்டியலை எடுத்தேன். என் வகுப்பில் படிக்கும், என் மகளின் சிநேகிதிக்கு நாற்பத்தொன்று என்றிருந்தது. எனக்குத் திக்கென்றது. நான் போட்டது முப்பத்தொன்று. பாஸாக இன்னும் நாலு மார்க் தேறாதா என்று அந்தத் தாளை ரெண்டு தடவை புரட்டியவள் நான்.

“ஏட்டி, இதுல கை வச்சியா?”

அவள் மறைக்கவில்லை. “பெயிலானா வாலிபால் வெளையாட விடமாட்டேன்னு அவ அப்பா சொல்லிட்டாவம்மா. மாவட்ட மேட்ச் வருது. ஒரு நம்பரத்தான மாத்துனேன்.”

“அடுத்தவங்க பாஸ்வேர்டுல உள்ள போறது குத்தம்னு தெரியாதா?”

“நீங்கதானம்மா தந்திய.”

அவள் எதையும் உடைத்துக்கொண்டு போகவில்லை. மூன்று வருஷமாக நானே கூப்பிட்டு உட்காரவைத்துப் பழக்கியிருக்கிறேன். அது வேறொருவர் இடம் என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. சிநேகிதிக்கு உதவி என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். அந்த அதிகாரி சொன்னதெல்லாம் இப்படித்தான் தொடங்கும் போலிருக்கிறது. பள்ளியை விட்டு அவளை அனுப்பிவிடுவார்களோ என்று அன்று முழுக்கப் பயந்தேன்.

திங்கட்கிழமை அவளை அறை வாசலில் நிறுத்திவிட்டுத் தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “பாஸ்வேர்ட குடுத்தது நான். என்ன நடவடிக்கைன்னாலும் எம்மேல எடுங்க.”

அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். “இன்னும் மேல அனுப்பல்ல டீச்சர். திருத்திருங்க.” பட்டியலைத் திருப்பித் தந்துகொண்டே, “எம் பாஸ்வேர்டும் எம் மவன்கிட்டதான் இருக்கு” என்றார்.

அப்பாடா என்றிருந்தது. அன்று மத்தியானமே ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் பாஸ்வேர்டை மாற்றினோம். ஒற்றை விரலால் தட்டி நானே மார்க்கைத் திருத்தினேன். சிநேகிதியின் அப்பாவிடம் பேசுவதும் என் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டேன்.

சாயங்காலம் டவுண் பஸ்ஸில் மகளிடம், “அனுப்பிருவாவன்னு பயந்துட்டியா?” என்று கேட்டேன்.

“நான் வேற ஸ்கூல்ல சேந்துக்கிடுவேன். ஒங்க வேல போயிருமோன்னுதாம்மா…”

முடிக்கமாட்டாமல் அழுதாள். பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க, நானும் அழுதேன்.