பயில்வான் கால்

கணவர் மகனின் காலில் தேய்க்கும் ஜாதிக்காய் எண்ணெயின் வாசம் அடுப்படிக்கு வந்ததும், கறி கிண்டிய என் கை நின்றது.

நான் பிறந்து வளர்ந்த ஜெலுத்தோங் வீட்டில் அப்பா என் தம்பிக்கு இதே எண்ணெயைத்தான் தேய்ப்பார். "கெண்டைக்கால தொட்டுப் பாருங்க லா, பயில்வான் ஆவான்!" என்பார். வருகிறவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்து வியப்பார்கள்.

கால் கல்லாகப் பெருத்தது. தம்பியோ தரையிலிருந்து எழும்போது, முழங்காலையும் தொடையையும் மாறி மாறிப் பிடித்துத் தன்மேலேயே ஏறுவதுபோல் நிமிர்ந்தான். பிறகு அதுவும் முடியவில்லை. அது பலமல்ல, தசையை அழிக்கும் நோயின் வீக்கம் என்றார் டாக்டர். ஒருநாள் அவன் இதயமும் நின்றது. குளிப்பாட்ட வந்தவர்கள் அன்றும் அந்தக் கெண்டைக்காலைத் தொட்டு வியந்தார்கள்.

"இங்க வந்து பாரு, நம்ம பையன் பயில்வான் லா!" கணவர் கூப்பிட்டார்.

போனேன். மகன் சிரித்துக்கொண்டே தரையிலிருந்து எழப் பார்த்தான். அவன் கை மெல்ல முழங்காலைப் பிடித்தது.