தீம் பார்க்கில் ஒரு சம்பந்தம்

தீம் பார்க்கில் விற்கிற தின்பண்டங்களைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு இன்றும் குமட்டிக்கொண்டு வரும். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் போனேன். ஆயுசுக்கும் போதும்.

போனது விளையாட அல்ல, மகளுக்குச் சம்பந்தம் பேச. ஐரோலியில் அவள் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே வேலை பார்க்கிற பையன். இருவருக்கும் பிடித்துப் போயிற்று. எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். அப்பா இல்லை, அம்மாதான் எல்லாம். ஒரு காலத்தில் அவர்களும் மும்பை தாராவியில் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தவர்கள்தான். பிறகு தாணேயில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

முறைப்படி அவர்கள்தான் பெண் வீட்டுக்கு வரவேண்டும். நான் சுவருக்குப் பெயின்ட் அடித்து, மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியைக்கூடத் தேய்த்து வைத்திருந்தேன். அந்த அம்மா போனில் சொன்னாள்: “எதுக்கு மதினி ஒங்களுக்குச் செரமம்? தீம் பார்க்ல பாப்போம். பிள்ளைய ரெண்டும் ஃப்ரீயா பேசட்டும்.” எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மகள் முகம் மலர்ந்து கிடந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும்வரை ஒருவர் வீட்டில் இன்னொருவர் கை நனைக்கக் கூடாது. காபி குடிக்கலாம், சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் என்ன கெஞ்சினாலும் இலையில் உட்கார மாட்டார்கள். ஆகவே கிளம்பும்போதே வீட்டுக்காரரிடமும் மகளிடமும் சொல்லிவிட்டேன், அவர்கள் கையால் எதையும் வாங்கித் தின்னக் கூடாது, நம் சாப்பாட்டை நாம் கொண்டுபோகிறோம் என்று.

மகள் சிரித்தாள். “யம்மா, டென்ஷன் மத் லே, கவலப்படாத. பார்க்ல எவன் எல போட்டுப் பரிமாறுதான்?”

எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், முறுக்கு எல்லாம் கட்டி எடுத்துப் போனேன். வாசலில் செக்யூரிட்டிக்காரன் பையைத் திறந்து மோந்து பார்த்தான். மனுஷன் மூக்கை விட்டு மோந்து பார்த்த சோற்றை அதற்கப்புறம் யார் தின்பது? அதற்கும் வழி வைக்கவில்லை. வெளிச் சாப்பாடு மனா, கூடாது என்று சொல்லிப் பக்கத்திலிருந்த நீல டிரம்மில் கவிழ்த்துவிட்டான். உள்ளே யார் யாரோ கொண்டுவந்த தேப்லா ரொட்டி, அவித்த முட்டை, வடாபாவ் எல்லாம் வெயிலில் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. அதன் மேல் என் முறுக்கு.

உள்ளே போனால் தண்ணீரில் இறங்க வாடகைக்கு நைலான் உடுப்பு. வீட்டுக்காரருக்குக் கொடுத்த அரைக்கால் சட்டை முந்தின ஆள் கழற்றிய ஈரத்தோடு இருந்தது. அதைத் தொட்ட கையை நான் மூன்று தடவை கழுவினேன். அந்த அம்மாவும் பையனும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். விவரமானவர்கள்.

மத்தியானம் ஆனதும் எனக்குக் கவலை வந்துவிட்டது. வீட்டுக்காரர் சுகர்க்காரர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நாக்கில் வைக்கிற மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று தேடப் புறப்பட்டேன். மகளும் பையனும் அவன் அம்மாவோடு அலை அடிக்கிற குளத்துப் பக்கம் போயிருந்தார்கள்.

முதல் கடையில் உருளைக்கிழங்கைச் சுருள் சுருளாகச் சீவி, குச்சியில் கோத்துப் பொரித்துக்கொண்டிருந்தான். எண்ணெய் தார் மாதிரி இருந்தது. அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடியைத் தூவினான். என்ன பொடி என்று கேட்டேன். “பெரிபெரி ஆன்ட்டி” என்றான். வியாதியின் பெயர் போலிருந்தது. அடுத்த கடையில் மஞ்சளாக ஒரு குழம்பைக் குழாயில் பிதுக்கி நாச்சோ சிப்ஸ் மேல் ஊற்றினார்கள். சீஸாம். பிதுக்கி முடிந்ததும் குழாயின் நுனியில் தொங்கியதை அந்தப் பெண் விரலால் வழித்து மறுபடியும் டப்பாவிலேயே விட்டாள். நான் ஐயோ என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை, பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

சரி, நம் பண்டம் இருக்கிறதே என்று ‘சவுத் இண்டியன்’ என்று போட்டிருந்த கடைக்குப் போனேன். ஆறிப்போன இட்லியைத் துண்டு போட்டு, சிவப்பாக ஷெஜ்வான் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தான். இட்லி என்ன பாவம் செய்தது? சாம்பாரைக் கரண்டியில் தொட்டுப் பார்த்தேன். பாயசம்போல இனித்தது. அங்கேயே துப்பியிருப்பேன், சுற்றிலும் ஆட்கள். சாப்பாட்டு மேசைகளில் குளத்திலிருந்து நேராக ஏறி வந்தவர்கள் தலை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முடியிலிருந்து வழிந்த தண்ணீர் அடுத்தவர் தட்டில் விழுந்தது. அவரும் தின்றுகொண்டுதான் இருந்தார்.

கடைசியில் ராட்டினத்துக்குப் பின்னால், கரி அடுப்பில் ஒருவர் சோளம் சுட்டுக்கொண்டிருப்பதைக் கண்டேன். அந்தப் பார்க் முழுவதிலும் நடந்துகொண்டே தின்பதற்கு லாயக்கானது அது ஒன்றுதான், சத்தியமாக. அதிலும் பாருங்கள், எத்தனை பேர் சோளத்திலோ தேய்த்த அரை எலுமிச்சை மூடியை எனக்கும் எடுத்தார். புதுப் பழம் அறுத்தால்தான் ஆச்சு என்று நின்றேன். முனகிக்கொண்டே அறுத்தார். மூன்று கதிர்களை இலைச் சருகோடு வாங்கிக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சந்தோஷமாக நடந்தேன்.

பெஞ்சுக்கு வந்து பார்த்தால் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். வீட்டுக்காரர் கையில் குச்சி, குச்சியில் அந்தச் சுருள் உருளைக்கிழங்கு, உதட்டைச் சுற்றி ஆரஞ்சுப் பொடி. என்னைக் கண்டதும் மெல்வதை நிறுத்தினார்.

“தல கிறுகிறுன்னு வந்துட்டு, ஏட்டி. இவங்க வாங்கித் தந்தாங்க” என்றார்.

அந்த அம்மா கைகொட்டிச் சிரித்தாள். “அண்ணன் கை நனைச்சிட்டாவ மதினி! இனி என்ன, நாம சம்பந்திதான்.”

வழக்கம் அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதே பட்டது. சம்பந்தி என்று சொன்ன வாயோடு, மடியிலிருந்த சீஸ் பாப்கார்னைக் கொறித்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள்.

“நிச்சயம், கல்யாணம், மறுவீடு எல்லாத்தையும் தாணேல ஹால்லயே வச்சிருவோம். ஒங்க வீட்டுக்குன்னு மட்டும் எங்கள கூப்பிடாதீய. அந்தச் சாக்கடை நாத்தம் எனக்கு ஆகாது. அந்தத் தண்ணியில காபி போட்டுத் தந்தாக்கூட வாந்தி வந்துரும். தப்பா எடுத்துக்கிடாதீய, என் ஒடம்பு அப்படி.”

கல்யாணமாகி வந்த புதிதில் இவள் குடத்தோடு வரிசையில் நின்றதும் எங்கள் சந்துக் குழாயடியில்தான். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இவள் மகனுக்குப் பல் முளைத்தது. என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பேசினால் கெடப்போவது என் மகள் வாழ்க்கை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் குச்சியைக் கீழே போடவும் தெரியாமல் பிடித்துக்கொள்ளவும் தெரியாமல் இருந்தார்.

அந்த அம்மா பாப்கார்ன் டப்பாவை என் மகளிடம் நீட்டினாள். “நீயும் எடுத்துக்கோ மக்கா.”

மகள் கையை நீட்டவில்லை. “வேண்டாம் அத்தை. மொதல்ல நீங்க எங்க வீட்டுக்கு வந்து கை நனைங்க. பிறகு நான் சாப்பிடுதேன்” என்றாள். குரல் உயரவில்லை. பழைய வழக்கத்தையெல்லாம் கேலி செய்கிறவள் வாயிலிருந்தா இது வருகிறது என்று நான் திகைத்துப் போனேன்.

சொல்லிவிட்டு அவள் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தாள். நாங்கள் எல்லாருமே அவனைத்தான் பார்த்தோம். அவன் கையில் நீலச் சாயம் போட்ட ஐஸ் பானம். அம்மாவை ஒரு தடவை பார்த்தான், காலைப் பார்த்தான், பிறகு ஸ்ட்ராவை வாயில் வைத்து உறிஞ்சினான். டம்ளரில் ஒன்றும் மிச்சமில்லை. வெறும் சத்தம்தான் வந்தது. அதை நிறுத்தாமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தான். ஒரு மனிதனைப் பார்த்து எனக்கு அப்படி அருவருத்தது அன்றைக்குத்தான்.

“சரி, அப்புறம் பாப்போம்” என்று அந்த அம்மா டப்பாவை மூடினாள். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

தாணேயில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார், என் முகத்தைப் பார்க்க அவருக்குப் பயம். போனால் போகிறான், இவன் இல்லாவிட்டால் இன்னொருவன் என்று நான் ஆரம்பித்தேன். மகள் என் தோளில் சாய்ந்தாள். குர்லா தாண்டியதும் மெல்லச் சொன்னாள்:

“நீ டெய்லி எனக்குக் கட்டித் தாற சோத்துல பாதி அவன்தான் சாப்பிடுவான்மா. ரெண்டு வருசமா. ஒங்க அம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராதும்பான். அது எந்தத் தண்ணியில வெந்த சோறுன்னு அவனுக்குத் தெரியாதா?”