பதினொன்றாம் குழியின் சரிவு

பைண்டிங் அக்காவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. ஜெராக்ஸ் கடைக்கு வந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று இரண்டு முறை சொன்னால் போதும், "அவ்வளவு அவசரம்னா நேத்தே வந்திருக்கணும்" என்று பதில் வரும். ஆனால் பேசும்போதும் கை நிற்காது. தாள்களைத் தட்டி அடுக்கி, ஓட்டை போட்டு, கம்பிச் சுருளை நுழைத்து, முனையை மடக்கி, நாலு நிமிஷத்தில் புத்தகத்தை நீட்டிவிடுவாள். கடை தன்னுடையது, வாய் மட்டும் அக்காவுடையது என்பான் அவள் தம்பி.

இந்தக் கடைக்கு வருமுன் பத்தொன்பது வருஷம் அவள் கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தாள். ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தோளில் சுமந்துகொண்டு பதினெட்டுக் குழிக்கும் கூடவே நடக்க வேண்டும்; எந்த மட்டை எடுக்கலாம், பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல வேண்டும். கேடிகள் பந்தை அடிக்கக் கூடாது என்பது கிளப்பின் சட்டம். அதனால் அத்தனை வருஷத்தில் ஒரு பந்தைக்கூட அவள் அடித்ததில்லை. ஆனால் எந்த மரத்திலிருந்து எந்தக் குழிக்கு எத்தனை எட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அந்த வேலை போனது பதினொன்றாம் குழியில். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்குமே, கிரீன் என்பார்கள், அங்கே. பதினொன்றாவது கிரீனுக்குப் பின்னால் ஒரு மேடு, இடமிருந்து வலமாக இறங்கிப் போகும். அதைப் பார்க்கிற கண்ணுக்குத் தரையும் வலப்பக்கம் சரிகிற மாதிரியே தோன்றும். உண்மையில் சரிவு இடப்பக்கம். மழை பெய்த மறுநாள் அங்கே நடந்தவர்களுக்கு இது தெரியும், ஏனென்றால் தண்ணீர் இடது ஓரத்தில்தான் தேங்கி நிற்கும். மழை பெய்த மறுநாள் ஆடுகிறவர்கள் வருவதில்லை. கேடிகள்தான் வருவார்கள், தண்ணீர் தள்ள.

ஒரு நாள் பல் டாக்டர் ஒருவர் மூன்று விருந்தாளிகளோடு ஆட வந்தார். அவருடைய பையை இவள் தூக்கினாள். பதினொன்றாவது கிரீனில் பந்து குழிக்குப் பத்தடியில் நின்றது.

"சார், பாத்தா வலது பக்கம் சரியற மாதிரிதான் தெரியும். ஏமாந்துடாதீங்க. பந்து இடது பக்கம்தான் ஓடும். குழிக்கு வலது பக்கமா ஒரு சாண் தள்ளிக் குறி வைங்க" என்றாள்.

டாக்டர் மேட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், விருந்தாளிகளைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு இடது பக்கம் ஒரு சாண் தள்ளிக் குறிவைத்து அடித்தார். பந்து இன்னும் இடதுபக்கமாக ஓடி ஓரத்தில் போய் நின்றது. விருந்தாளிகள் சிரித்தார்கள். "இவ பேச்சை நம்பி அடிச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றார் டாக்டர். கேட்டீர்களா அநியாயத்தை! அதோடு விட்டாரா? சாயங்காலம் கிளப் செயலாளரிடமும் போய் அதையே சொன்னார். இரண்டாம் நாள் இவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில் "தவறான வழிகாட்டல்" என்று எழுதியிருந்தது.

திமிர் பிடித்தவள் என்று எழுதியிருந்தால் அவள் ஒப்புக்கொண்டிருப்பாள். அது ஊரறிந்த விஷயம். தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று இவளுக்குத் தெரியாதாம்! வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எட்டாக மடித்து அலமாரியின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

தம்பியின் கடையில் உட்கார ஆரம்பித்தபோது மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. லேபிள் அச்சடிக்கும் பழைய மென்பொருள் ஒன்று அதில்தான் ஓடும் என்பதற்காகத் தம்பி அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான். அதற்குள் இருபது வருஷத்துக்கு முந்தைய கோல்ஃப் விளையாட்டு ஒன்றும் இருந்தது. கூட்டம் இல்லாத மத்தியானத்தில் மவுஸை இழுத்து அவள் தன் வாழ்க்கையின் முதல் பந்தை அடித்தாள். அது நேராகக் குளத்தில் விழுந்தது. "அடிச்சிட்டேன்டா!" என்று அவள் போட்ட சத்தத்தில், கல்யாணச் சான்றிதழைப் பிரதியெடுக்க வந்திருந்த மனிதர் ஒரு அடி பின்வாங்கினார்.

விளையாட்டோடு வந்தவை நாலே மைதானங்கள். ஒரு மாதத்தில் சலித்துவிட்டன. யார் யாரோ சொந்தமாக மைதானங்கள் செய்து ஒரு இணையதளத்தில் போட்டு வைத்திருப்பதாகவும், அவற்றை இறக்கி விளையாட்டுக்குள் சேர்க்கலாம் என்றும் தம்பி கண்டுபிடித்துச் சொன்னான். சொல்வது சுலபம். முதல் மைதானத்தை இறக்கி, சுருக்கிக் கட்டியிருந்த கோப்பைப் பிரித்து, அதற்குரிய ஃபோல்டரில் போட்டாள். விளையாட்டைத் திறந்தால் பட்டியலில் அது இல்லவே இல்லை.

"பழைய சாமான்க்கா. விட்டுடு" என்றான் தம்பி.

"நானும் பழைய சாமான்தான். விட்டுடுவியா?"

இரண்டு மத்தியானம் மல்லுக்கட்டியபின் பிடிபட்டது. பிரிக்கும்போது ஒரு ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உருவாகி, மைதானம் அதற்குள் ஒளிந்துகொண்டிருந்தது. பைக்குள் பை. விளையாட்டு மேல் பையை மட்டும் திறந்து பார்த்துவிட்டுக் காலி என்று நினைத்துவிட்டது. உள்ளே இருந்ததை வெளியே எடுத்து வைத்தாள். அப்புறமும் வரவில்லை. ஃபோல்டரின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போனால் அந்தக் காலத்து விளையாட்டுக்குக் கண் தெரியாதாம். பெயரை வெட்டினாள். வந்தது. அதன்பிறகு அறுபது எழுபது மைதானங்களை வரிசையாகச் சேர்த்தாள்.

அப்படி ஒரு நாள் தளத்தைத் துழாவும்போதுதான் தன் கிளப்பின் மைதானத்தையே பார்த்தாள். செய்தவர் பல் டாக்டர், தம் பெயரையும் கிளினிக்கின் படத்தையும் சேர்த்தே போட்டிருந்தார். கீழே ஒரு குறிப்பு: "பதினொன்றாம் குழியில் பந்து வலப்பக்கம் ஓடும். கேடிகள் பேச்சைக் கேட்காதீர்கள்."

அதை இறக்கிச் சேர்த்து, பத்துக் குழியையும் கடகடவென்று தாண்டி, பதினொன்றில் பந்தை மெல்லத் தட்டினாள். அது சமர்த்தாக வலப்பக்கம் உருண்டது. மனுஷன் ஆடத் தெரியாதது போதாதென்று கூடத்தையே திருப்பிக் கட்டிவிட்டார்!

அவள் தளத்தில் "பைக்காரி" என்ற பெயரில் எழுதினாள்: பதினொன்றாவது தப்பு, சரிவு இடப்பக்கம். டாக்டர் கேட்டார்: அங்கே நீங்கள் ஆடியிருக்கிறீர்களா? இவள்: இல்லை, சுமந்திருக்கிறேன். டாக்டர்: அப்படியானால் சுமப்பதைப் பற்றி மட்டும் பேசுங்கள். அதற்குக் கீழே இருபத்திரண்டு பேர் சிரித்திருந்தார்கள்.

அன்றைக்கு ஒரு கல்லூரி மாணவியின் ஆய்வுக் கட்டுரையைத் தலைகீழாகப் பைண்டிங் செய்துவிட்டாள். வேலையில் அவள் செய்த ஒரே பிழை அது.

மறுநாள் தம்பியிடம் அளவுநாடாவின் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வாசல் வரை நடந்தாள். பத்து எட்டு. நாடாவைப் பார்த்து ஒரு எட்டு எவ்வளவு என்று கணக்குப் போட்டாள்.

"என்னக்கா பண்ற?"

"மைதானம் பண்றேன்."

அந்த விளையாட்டோடு மைதானம் செய்யும் கருவி ஒன்றும் வந்திருந்தது. தரை முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரத்தை எண்ணாகக் கொடுக்க வேண்டும். அவள் எட்டுகளை அடிகளாக்கினாள். எங்கே மூச்சு வாங்கும், எங்கே பை முதுகைப் பின்னால் இழுக்கும், எங்கே முட்டி வலிக்கும் என்பதையெல்லாம் எண்ணாக்கினாள். பதினெட்டுக் குழிக்கு ஐந்து மாதம் ஆயிற்று. "நீ புடிச்ச முயலுக்கு மூணு கால்தான்" என்று தம்பி அலுத்துக்கொண்டபோது, "நாலு காலையும் எண்ணிட்டுத்தான்டா பேசறேன்" என்றாள்.

தளத்தில் ஏற்றினாள். மூன்றே நாளில் ரகளை. இவள் தன் ஃபோல்டருக்குக் கிளப்பின் பெயரை எட்டு எழுத்தில் சுருக்கி வைத்திருந்தாள். டாக்டரும் அதே கிளப்பை அதே எட்டு எழுத்தில்தான் சுருக்கியிருந்தார். ஆக, இவளுடையதைச் சேர்த்தவர்களுக்கெல்லாம் டாக்டரின் மைதானம் அழிந்து, அந்த இடத்தில் இவளுடையது உட்கார்ந்துகொண்டது. முப்பது பேருக்கு மேல் இப்படி ஆகியிருந்தது. நாசவேலை என்று எழுதினார் டாக்டர்.

"தப்பு என்னுடையது. பெயரை மாற்றிவிட்டேன். சரிவை மாற்ற மாட்டேன்" என்று பைக்காரி பதில் எழுதினாள்.

தளத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக். நிஜ மைதானம் ஒன்றுக்குத் தளத்தில் ஒரே ஒரு கோர்ஸ், அதாவது ஒரே ஒரு கம்ப்யூட்டர் மைதானம்தான் என்பது அவர் வைத்திருந்த விதி. இரண்டு பேரும் உள்ளூர் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை நேரில் உட்கார்ந்து பார்த்து ஒன்றை எடுத்துவிடுகிறேன் என்றார். பழைய கம்ப்யூட்டர் இருந்ததால் ஜெராக்ஸ் கடையையே இடமாக வைத்தார்கள்.

சனிக்கிழமை முழுக்க அவள் யாரோடும் சண்டை போடவில்லை. தம்பிக்குப் பயமாகிவிட்டது.

"ஒரு கேம்தானேக்கா. போனா போகட்டுமே."

"கேமா? அவரோடது நிலைச்சுடுச்சுன்னா அந்தத் தாள்ல எழுதினது உண்மைன்னு ஆயிடும்டா. நான் பொய் சொல்லி அடிக்க வெச்சேன்னு உலகம் பூரா ஆடிக்கிட்டே இருப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை பாதி ஷட்டரைத் தூக்கி உள்ளே குனிந்து வந்த டாக்டர் நிமிர்ந்ததும் முதலில் இவளைத்தான் பார்த்தார்.

"நீயா?"

"நானேதான், டாக்டர். உக்காருங்க."

மெக்கானிக் ஏற்கெனவே வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரிடம் திரும்பி, "இவங்க கிளப்புல கேடியா இருந்தவங்க. தப்பா வழி சொன்னதுக்காக அனுப்பிட்டாங்க. அந்தக் காழ்ப்புல செஞ்சது இது. நான் பதினஞ்சு வருஷமா அங்க மெம்பர்" என்றார்.

அவள் காது சிவந்தது. தம்பி அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் கையை உதறிவிட்டு மெக்கானிக்கிடம் சொன்னாள்: "என் கோர்ஸை அப்புறம் பாருங்க. முதல்ல அவரோடதை அவரையே ஆடச் சொல்லுங்க. அவர் தரை, அவர் கை. நான் வாயே திறக்கல."

டாக்டருக்கு அது பிடித்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினார். நன்றாகவே ஆடினார், அதை மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு கதை. இங்கே யாரோடு ஆடினேன், அங்கே எந்தப் பெரிய மனிதரைத் தோற்கடித்தேன் என்று பேச்சு ஓடியது. மெக்கானிக் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இவள் ஜெராக்ஸ் மெஷின் மேல் சாய்ந்து நின்றாள். வாயை மூடிக்கொண்டு நிற்பது அவளுக்குப் பத்து மூட்டை சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பதினொன்றாவது குழி வந்தது. டாக்டரின் பந்து கிரீனில் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் தம் மருமகன் போன மாதம் இதே இடத்தில் எப்படி ஏமாந்தான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மவுஸை நகர்த்தினார். திரையில் குறி காட்டும் கோடு குழியைத் தாண்டி வலது பக்கம் போய், சரியாக ஒரு சாண் தள்ளி நின்றது. தட்டினார். பந்து வலது பக்கமாக உருண்டு, இன்னும் வலது பக்கமாக உருண்டு, கிரீனை விட்டே இறங்கிப் போனது.

"அட, இது இடது பக்கமில்ல திரும்பணும்!" என்றார் டாக்டர்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றினார். தம்பி "ஆகா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"அது... கை தவறிடுச்சு" என்றார் டாக்டர்.

"கை தவறலை, டாக்டர்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "கை சரியாத்தான் போச்சு. நீங்க தினமும் அங்க அப்படித்தானே அடிக்கிறீங்க? வலது பக்கம் ஒரு சாண். அதை உங்களுக்குச் சொன்னது யாரு?"

டாக்டர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"நான் சொன்னதை எடுத்துக்கிட்டு என்னைத் துரத்திட்டீங்க."

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, டாக்டரின் மைதானத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, குறிப்பு இருக்கும் பக்கத்தை மட்டும் விட்டுவைப்பதாகச் சொன்னார். பிறகு, மரம், கட்டடமெல்லாம் டாக்டருடையதில் அழகாக இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொண்டு இரண்டு பேர் பெயரையும் போட்டுவிடலாமே, எல்லோருக்கும் கௌரவமாக இருக்கும் என்றார்.

"முடியாது" என்றாள்.

"ஏம்மா, பெருந்தன்மையா..."

"பெருந்தன்மை இருக்கறவங்க போட்டுக்கட்டும். எனக்கு இல்லை."

டாக்டர் எழுந்தார். கிளப்பில் சொல்லித் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லட்டுமா என்று ஷட்டரைப் பார்த்தபடி கேட்டார்.

"எனக்கு இங்க வேலை இருக்கு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. தளத்துல கேடி பேச்சைக் கேக்காதீங்கன்னு எழுதினீங்கல்ல, அதே இடத்துல, அதே பேர்ல எழுதுங்க. கேடி சொன்னது சரின்னு."

அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் கண்ணாடியைத் துடைப்பதிலேயே கண்ணாக இருந்தார். டாக்டர் மறுபடி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: பதினொன்றாம் குழியில் பந்து இடப்பக்கம் ஓடும். கேடி சொன்னது சரி. தட்டிவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"தேதி போடுங்க" என்றாள்.

"அது தானா வருமே, இன்னைக்குத் தேதி."

"இன்னைக்குத் தேதி இல்ல. நான் உங்களுக்குச் சொன்ன தேதி."

அவருக்கு அது நினைவில்லை. அவள் நாள், மாதம், வருஷம் மூன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் அடித்து முடிக்கிற வரைக்கும் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள்.