முதல் கிளாஸ் நுரை

என் பியரில் ஒரு பிழையும் இல்லை. ஊற்றும்போதுதான் முக்கால் கிளாஸ் நுரையாக வந்தது. மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த அந்தக் கோடையில், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், இரண்டாம் மாடி வீட்டில் தனியாக இருந்த எனக்கு அது ஒன்றுதான் கவலை என்று சொல்லியிருப்பேன். கேட்பதற்குத்தான் யாரும் வரவில்லை.

நான் வேலையை விட்டபோது, தொழிற்சாலையில் கூட நின்ற ஜெர்மன்காரர்கள் சேர்ந்து, வீட்டில் பியர் காய்ச்சும் சாமான்களைப் பரிசாகத் தந்தார்கள். பெரிய பானை, இரும்புப் பீப்பாய், காஸ் சிலிண்டர், பியர் ஓடி வரும் ரியூப் குழாய், அதன் நுனியில் திறந்து மூடும் பைப் எல்லாம் இருந்தன. மனைவி ஒரே வசனத்தில் முடித்துவிட்டாள். "சோறு காய்ச்சுற வீட்டில சாராயம் காய்ச்ச ஏலாது." பெட்டி பிரிக்கப்படாமல் நிலவறைக்குப் போனது. அவள் போனபிறகு ஒருநாள் அதை மேலே தூக்கி வந்தேன். ஆசையால் அல்ல. வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லையே என்ற கோபத்தில்தான் காய்ச்சினேன்.

இங்கே இருக்கும் எங்கள் தமிழ் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்த வீட்டுக்குச் சொல்லாமலே வருவார்கள். நல்ல காரியம் என்றால் சொன்னால்தான் வருவார்கள். அவள் இறந்தபோது முப்பத்தொரு நாளும் வீடு நிறைய ஆட்கள். படிக்கட்டில் சப்பாத்துகள் குவிந்து கிடக்கின்றன என்று கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு சொல்லும் அளவுக்கு வந்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது, கூட்டமும் முடிந்தது. தீட்டுள்ள துடக்கு வீடு என்று ஒரு வருடம் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. வருடம் முடிந்தபோது, நான்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று அவர்கள் இருந்தார்கள் போலும். அவர்கள்தான் வரவேண்டும் என்று நான் வீம்பு பிடித்தேன். எல்லாரையும்விட என்னோடு இருபது வருடம் ஒரே ஷிப்டில் நின்ற அண்ணை ஒருவர்மேல்தான் எனக்குக் கோபம். முப்பத்தொரு நாளும் தவறாமல் வந்த மனிதர், பிறகு எட்டியும் பார்க்கவில்லை.

ஆகவே நான் நுரையோடு மல்லுக்கட்டினேன்.

முதல் பிழை என் கையில் இருந்தது. தேத்தண்ணி ஆற்றிய பழக்கத்தில் கிளாஸைப் பைப்புக்கு ஒரு முழம் கீழே பிடித்திருக்கிறேன். பிறகு கிளாஸைச் சரித்து, பைப்போடு ஒட்டிப் பிடித்தேன். நுரை கொஞ்சம் அடங்கியது. காஸைக் குறைத்து, பீப்பாயில் அடைபட்டிருந்த அமுக்கத்தை உஸ்ஸென்று வெளியே விட்டு, ஒரு நாள் பொறுத்தேன். இன்னும் கொஞ்சம் அடங்கியது. கட்டை ரியூப்பைக் கழற்றிவிட்டு ஒடுங்கிய நீள ரியூப் போட்டேன். பயந்து பயந்து பைப்பைப் பாதி திறப்பதை விட்டு, ஒரே இழுப்பில் முழுதாகத் திறந்தேன். கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசினேன். எல்லாம் செய்தும், தினமும் பின்னேரம் நான் எடுக்கும் கிளாஸில் பாதி நுரைதான்.

கடைசியில், ரியூப் வாங்கிய கடைக்குப் போன் எடுத்தேன். கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் எடுக்கிறீர்கள் என்றார்.

"ஒன்று."

"ஒன்றுதானா? வேறு யாரும் குடிப்பதில்லையா?"

"இல்லை."

"அப்படியென்றால் பீப்பாயில் பிழை இல்லை. பீப்பாய் பிரிட்ஜுக்குள் இருக்கிறது, பைப் வெளியே இருக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தால் சூடாகிவிடும். முதல் கிளாஸ் அதைக் குளிர வைக்கத்தான் போகும். உடனே இரண்டாவதை ஊற்றிப் பாருங்கள், சரியாக வரும். பீப்பாய் நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு. தனி ஆளென்றால் போத்தலில் அடைப்பதுதான் நல்லது."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தில் அடித்தது போல இருந்தது.

போனை வைத்துவிட்டு ஒரு கிளாஸ் ஊற்றினேன். நுரை. அப்படியே வைத்துவிட்டு, இன்னொரு கிளாஸ் எடுத்து ஊற்றினேன். நல்லெண்ணெய் நிறத்தில், மேலே இரண்டு விரல் நுரையோடு, கடையில் தருவது போல வந்து நின்றது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு திரும்பினேன், யாருக்கோ காட்ட. குசினியில் அடுப்பும் பானையும்தான் இருந்தன, யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீம்பெல்லாம் போய், அண்ணையின் நம்பரை அழுத்தினேன்.

"அண்ணை, நான்தான். பியர் காய்ச்சியிருக்கிறன். சனிக்கிழமை ஒருக்கா வாங்கோவன்."

"எனக்கெங்கயடாப்பா குடிக்கிறது? பங்குனியில நெஞ்சைப் பிளந்தெல்லோ ஒப்பரேசன் செய்தவங்கள்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அண்ணை!"

"வருத்தக்காரனைப் பாக்க வரச்சொல்லி ஆரும் கார்ட் அடிக்கிறவையே? நீ எப்பிடியும் வருவாய் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு கிடந்தன்."

ஒருவரும் வரவில்லை என்று நான் குசினியில் இருந்து திட்டிக்கொண்டிருந்த மாதங்களில், அவரும் படுக்கையில் கிடந்து என்னைத்தான் திட்டியிருப்பார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"அதை விடு. பியர் எப்பிடி வந்தது?"

"முதல் கிளாஸ் முழுக்க நுரை."

"டொக்டர் பியரைத்தான் வேண்டாம் எண்டவர். நுரையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. அதை எனக்குத் தா."

சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருமுகிறார் என்று தெரிந்தது.

சனிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. ஊற்றிய இரண்டு கிளாஸையும் அப்படியே விட்டுவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அவர் வீடு ட்ராமில் மூன்றாவது நிறுத்தம். ஒன்றரை வருடமாக நான் போகாமல் இருந்த தூரம் அவ்வளவுதான்.