நீக்கிய நாற்பது விநாடி

பேஸ்ட் அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது கதவுகள்தான். அன்று காலை நரம்பியல் பிரிவில் மூன்று கதவுகள் அதிர்ந்தன. நான்காவது, டாக்டருடைய அறைக் கதவு. அதை மட்டும் மெதுவாகத் திறந்தாள். மரியாதைக்காக ஒன்றுமில்லை, இரண்டு கையிலும் மடிக்கணினி இருந்தது.

தலையில் ஒயர் ஒட்டுவது அவள் வேலை. நாடாவால் மண்டையை அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, பஞ்சால் தேய்த்து, பேஸ்ட் தடவி, இருபத்தொரு ஒயர்களை ஒட்டுவாள். மூளையின் மின்சாரம் கோடுகோடாகத் திரையில் ஓடும். இருபத்திரண்டு வருடமாக அவள் நகக்கண்ணில் அந்த பேஸ்ட் இருக்கிறது.

மயங்கிக் கிடப்பவரைக்கூடச் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். "தம்பி, நெத்தில சில்லுனு இருக்கும், பொறுத்துக்கோ."

நர்ஸுகள் சிரிப்பார்கள். "அக்கா, அவர் உங்ககிட்ட காபி கேக்குறாரு பாருங்க."

"கேட்டா ஓடிப்போய் வாங்கிட்டு வா. பேஷண்ட் மணி அடிச்சாலும் எழுந்திரிக்காத உனக்கு அவர் எவ்வளவோ மேல்."

தன் முதல் பிரசவத்தில் அக்கா இமைகூட அசைக்க முடியாமல் கிடந்தபோது, "இது தேறாது" என்று மாமியார் சொன்னது அவள் காதில் விழுந்தது. அதற்குப் புருஷன் "உம்" கொட்டியதும் விழுந்தது. மாமியாரை மன்னித்துவிட்டாள். அந்த "உம்"மை இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போதைய கோபம் ஆறாம் படுக்கைக்காரருக்காக. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. கண் திறக்கவில்லை. மூளை அடிபட்டவர்களைத் தேற்றும் பயிற்சிப் பிரிவில் ஒரே ஒரு இடம் காலி. மூளையில் ஏதாவது பதில் இருந்தால் அந்த இடம் அவருக்கு. இல்லாவிட்டால் நாளை வீட்டுக்கு. பதில் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது.

காலையில் அவர் மனைவி நடைபாதையில் அக்காவை மறித்தாள். "ஒயர் ஒட்டின அன்னிக்கு இவர நான் அந்தத் திட்டு திட்டினேனே அக்கா, அப்பக்கூட ஒண்ணும் தெரியலையா?"

மனைவி திட்டிய அந்த நாற்பது விநாடியை அறிக்கைக்குப் போகும் முன்பே அக்காதான் வெட்டியிருந்தாள். அறையில் யாராவது பேசினால், கட்டில் ஆடினால், நோயாளி பல்லைக் கடித்தால் கோடு கலங்கும். அந்த இடத்தில் "இடையூறு, நீக்கவும்" என்று எழுதுவது பழக்கம். எழுதியிருந்தாள். அதோடு, "கத்தாதீங்கம்மா" என்று அதட்டியும் இருந்தாள்.

ஓடிப்போய் வெட்டாத மூலப் பதிவைத் திறந்தாள். டாக்டர் "கண்ணைத் திறங்க" என்று மூன்று தரம் சொன்ன இடத்தில் காதோரக் கோடு மட்டும் லேசாக எழும்பி அடங்கியிருந்தது. சத்தம் வாசல்வரை வந்து நின்றுவிட்டது. மனைவி திட்டிய இடத்தில் அப்படி நிற்கவில்லை. காதோரம் எழுந்தது நெற்றிக்குப் போயிருக்கிறது, பின்மண்டைக்குப் போயிருக்கிறது, திரும்ப நெற்றிக்கு வந்திருக்கிறது. சமையலறையில் ஒருத்தி கேட்ட செய்தி வீடு முழுக்கப் பரவி, எல்லா அறையும் ஒரே விஷயத்தைப் பேசுவது போல. அப்படி எல்லா அறையும் பேசிக்கொண்டால்தான் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். தூக்கத்திலும் ஒவ்வொரு அறையிலும் விளக்கு எரியும், கதவுகள்தாம் சாத்தியிருக்கும்.

"இது இடையூறுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" என்றார் டாக்டர், அக்கா மேஜையில் வைத்த மடிக்கணினியைப் பார்த்து.

"நான்தான். தப்பா எழுதிட்டேன்."

"முகத் தசை இழுத்திருக்கும்."

"தசைன்னா முள்ளு முள்ளா வரும் சார். இதுல முள்ளு எங்க இருக்கு, காட்டுங்க."

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

"ஆமா சார். நேத்து வரைக்கும் குருடு. நீங்களும் எனக்குத் துணைக்கு இருக்கணுமா?"

அவர் பேனாவை மூடினார். "இன்னொரு தடவை எடுங்க. நானும் வரேன். திரும்ப இதே மாதிரி கோடு வரலைன்னா இதப்பத்திப் பேச்சே கிடையாது."

பதினொரு மணிக்கு ஒயர்கள் ஒட்டியாகிவிட்டது. "திட்டும்மா" என்றாள் அக்கா.

மனைவிக்கு வாய் வரவில்லை. டாக்டர் நிற்கிறார், திரை ஓடுகிறது. முந்தானையைத் திருகிக்கொண்டு, "என்னங்க, எழுந்திரிங்க" என்றாள், புதுப்பெண் மாதிரி. காதோரம் எழும்பி அடங்கியது. மறுபடி சொன்னாள். மறுபடி அடங்கியது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஆள் உள்ள இல்ல. நாளைக்கே அனுப்பிடலாம்."

அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கொதிப்பிலேயே வழியும் தெரிந்தது. மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"விடும்மா. இடுப்புல கயிறு கட்டியிருந்தாலும் விழுந்திருப்பாரு. வேலை தெரியாத ஆளு."

"யாருக்கு வேலை தெரியாது?" மனைவியின் குரல் அறையை நிறைத்தது. "இந்த ஆஸ்பத்திரி உச்சில அடிச்சிருக்கிற பெயிண்ட் யாரு அடிச்சது? இவரு! வாய அடக்கிப் பேசுங்க!" அப்படியே கட்டில் பக்கம் பாய்ந்தாள். "யோவ், கேட்டியா? கண்டவங்ககிட்ட எல்லாம் பேச்சு வாங்க வச்சுட்டியே! கயித்தக் கட்டு, கயித்தக் கட்டுன்னு எத்தன தடவ தொண்டை கிழியச் சொன்னேன்! 'போடி, நான் பல்லி'ன்னு சொன்ன! பல்லி விழுமாய்யா? சொல்லு, பல்லி விழுமா?"

காதோரம் எழுந்தது. நெற்றி. பின்மண்டை. மறுபடி நெற்றி. திரை முழுக்க அசைந்தது. முள் ஒன்றுகூட இல்லை. மனைவி மூச்சு வாங்க நிறுத்தினாள். கோடுகள் மெல்லத் தணிந்தன. "பல்லியாம் பல்லி!" மறுபடி எழுந்தன.

டாக்டர் திரைக்கு அருகில் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம், "பேஷண்ட்டைப் பயிற்சிப் பிரிவுக்கு மாத்திடலாம்" என்றார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவர்கிட்டச் சொல்லுங்க சார். இங்கதானே இருக்காரு."

டாக்டர் தொண்டையைச் செருமினார். கட்டிலில் கிடந்தவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "வந்து... உங்கள வேற வார்டுக்கு மாத்துறோம்" என்றார், சுவரைப் பார்த்து.

"முகத்தப் பாத்து," என்றாள் மனைவி.

அக்கா ஒயர்களைக் கழற்றினாள். "தம்பி, முடி கொஞ்சம் இழுக்கும்." பேஸ்ட்டைத் துடைத்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாள். வேலை தெரியாதவர் என்று சொன்னதற்கா, நாற்பது விநாடிக்கா என்று தெரியவில்லை. இரண்டுக்குமாகக் கேட்டாள்.

பிறகு பதிவு அறைக்குப் போனாள். இரும்பு அலமாரிகள் இரண்டு பக்கமும் கூரைவரை நின்றன. இருபத்திரண்டு வருடப் பதிவுகள். அத்தனையிலும் அவள் கையெழுத்தில் "நீக்கவும்". இந்தத் தடவை கதவை அடிக்கவில்லை. உள்பக்கம் தாழிட்டாள். ஏணியை இழுத்துப் போட்டு, வெட்டியதை எல்லாம் மறுபடி பார்க்க முதல் அலமாரியைத் திறந்தாள்.