வன்னியம்பட்டி வரப்பில் ஆவாரை விதை

ராஜபாளையத்தில் என் கொல்லைப் பூசணிக்குப் பேர் உண்டு. இரண்டு வருஷமாகப் பூப்பதோடு சரி, பிஞ்சு பிடிக்கவில்லை. போர்வெல்லில் தண்ணீர் குறைந்து மற்ற செடிகள் கருகியதால், வண்டும் தேனீயும் வருவதில்லை. ஐப்பசி மழைக்குள் கொல்லை பச்சை காட்டாவிட்டால் சிமெண்ட் போட்டுவிடுவதாக மகன் சொல்லிவிட்டான். தண்ணீர் அதிகம் கேட்காமல் பல வருஷம் நின்று பூக்கிற ஆவாரையை வைக்க நினைத்தேன். மாசியில் விதை தேடிக் கிளம்பினேன்.

காலை ஏழு மணி டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, போகவர முந்நூறு ரூபாய் பேசி வன்னியம்பட்டிக்கு ஆட்டோ பிடித்தேன்.

வழியெல்லாம் ஆவாரைதான். ஒன்றிலும் காய் இல்லை.

"பொங்கலுக்கு வாசல்ல காப்புக் கட்ட அம்புட்டுப் பூவையும் ஒடிச்சாச்சுல்லா ஆச்சி, பொறவு காய் எங்க பிடிக்கும்?" என்றார் ஆட்டோக்காரர்.

வெயில் ஏறியபோது ஒரு வரப்பில், ஒரே ஒரு செடியில் கொத்துக் கொத்தாய்க் காய்ந்த காய். கை வைத்தேன்.

"யாரு அது? செடியத் தொடாதீங்க."

மண்வெட்டியோடு ஒருவர் வந்தார். மறுபக்க வயலிலிருந்து இன்னொருவர் ஓடிவந்தார். மண்வெட்டிக்காரர் அண்ணன், ஓடிவந்தவர் தம்பியாம். எல்லைக் கல் போன பிறகு அந்தச் செடிதான் எல்லை. வழக்கு நடப்பதால் இருவரும் பூ ஒடிக்கவில்லை என்று ஆட்டோக்காரர் காதோரம் சொன்னார்.

விதைக்கு வந்ததைச் சொன்னேன்.

"பறிச்சுக்கோங்க, நான் தாரேன்," என்றார் அண்ணன்.

"அவரு யாரு தாரதுக்கு? எங்கிட்டக் கேளுங்க."

மண்வெட்டிப் பிடி இறுகியது. பையில் கிடந்த இரண்டு மஞ்சப்பையை எடுத்தேன். "அவுக பக்கத்துக் காய அவுக தரட்டும். ஒம்பக்கத்துக் காய நீ தா."

ஆளுக்கொரு பையை வாங்கிக்கொண்டார்கள். பிறகு போட்டி போட்டுப் பறித்தார்கள். நடுக்கொம்புக் கொத்தை மட்டும் இருவரும் தொடவில்லை.

"ஏறுங்க ஆச்சி," என்றார் ஆட்டோக்காரர். "யாரு பை கனம்னு கேட்டுறப் போறாங்க."

விதைக்குப் போகிறவர்கள் செடி யார் நிலத்தில் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். காப்புக்கு ஒடிக்கும்போது நாலு கொம்பை விட்டுவையுங்கள். விதையை மணலில் தேய்த்து, ஒரு ராத்திரி வெந்நீரில் ஊறப்போட்டு, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். ஆணிவேர் என்பதால் பிடுங்கி நட்டால் பட்டுப்போகும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் போதும்.

ஐப்பசி பிறக்கையில் செடி என் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மகன் சிமெண்டுப் பேச்சை விட்டான். யார் கொடுத்த விதை முதலில் முளைத்தது என்று தம்பிக்காரர் ஆட்டோக்காரரிடம் சொல்லிப் போனில் கேட்கவைத்தார். இரண்டு பையையும் ஒரே சட்டியில் கொட்டித்தான் ஊறவைத்தேன் என்றேன்.